அணில் உறங்காத ஊரில் பனிக்காலப் பாடம்: எந்தச் செயற்பாட்டை எடுப்பது?

ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பவர்களுக்கும், வீட்டில் நாலு முதல் ஏழு வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் டிசம்பர் பிறந்தால் ஒரு தலைப்பு வந்து நிற்கும்: பனிக்காலத்தில் விலங்குகள் என்ன செய்கின்றன? செய்து காட்ட வழிகளுக்குக் குறைவில்லை. கொழுப்புக் கையுறை, சுடுநீர்ப் போத்தல், தடம் பார்க்கப் போவது, பறவைக்குத் தீனி வைப்பது, பட அட்டை பிரிப்பது, சீனித்தண்ணீரை உறையவிடுவது என்று ஆறு வழியாவது உண்டு. ஆறையும் செய்ய யாருக்கும் நேரமில்லை. வகுப்பில் கிடைப்பது 40 நிமிடம் என்றால், அதில் பத்து நிமிடம் ஜக்கெற் கழற்றவும் பூட்டவுமே போய்விடும்.

செயற்பாட்டைத் தெரிவுசெய்ய முன்னர், பாடம் எந்த விலங்கில் தொடங்கப்போகிறது என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான பயிற்சித்தாள்கள் துருவக்கரடியிலும் பென்குயினிலும் தொடங்கி, "பனிக்காலத்தில் விலங்குகள் உறங்கும்" என்று முடிந்துவிடுகின்றன. பிள்ளை தாளை வைத்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தால் கறுத்த அணில் ஒன்று வேலிமேல் ஓடிக்கொண்டிருக்கும். ரீச்சர் சொன்னதை நம்புவதா, கண்ணை நம்புவதா? நாலு வயதுப் பிள்ளை கண்ணைத்தான் நம்பும், அது சரியும்கூட. ரொறன்ரோவில் நாம் காணும் கறுத்த அணிலும் சாம்பல் அணிலும் ஒரே இனம். அந்த இனம் பனிக்காலம் முழுவதும் விழித்தே இருக்கும். இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு விதையாகப் புதைத்து வைத்ததை மணம்பிடித்துத் தோண்டித் தின்னும். கடுங்குளிர் நாளில் மரக்கிளையில் கட்டிய இலைக்கூட்டுக்குள் சுருண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

ஆகவே துருவக்கரடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அணிலில் தொடங்குங்கள். சிப்மங்கைக் காட்டினால் அம்மம்மாவும் பாடத்துக்குள் வந்துவிடுவா. ஊர் அணிலைப்போலச் சின்ன உடம்பும் முதுகில் வரியும் கொண்டது இங்கே அதுதான். ஊர் அணிலுக்கு மூன்று வெள்ளை வரி, சிப்மங்குக்கு ஐந்து கரிய வரி. ஆனால் சிப்மங் பனிக்காலத்தில் நிலத்துக்குக் கீழே வளைக்குள் போய்விடும். சில நாள் உறங்கி, எழுந்து, சேர்த்து வைத்ததில் கொஞ்சம் தின்று, மறுபடி உறங்கும். அணில் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடும் இரண்டும் இரண்டு வழியில் போகின்றன. ஒரு பாடத்துக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

சொற்களும் இங்கேதான் கிடைக்கின்றன. விலங்குகள் பனிக்காலத்தைக் கழிக்கும் மூன்று வழிகளுக்கு மூன்று சொல்: வேறிடத்துக்குப் போகும், உறங்கும், விழித்திருந்து குளிரைத் தாங்கும். வலசை என்ற நல்ல சொல்லை ஏழு வயதுக்காரருக்குக் கொடுக்கலாம். நாலு வயதுக்குப் "போகும்" போதும்.

இனி ஒவ்வொரு செயற்பாடாகப் பார்ப்போம்.

கொழுப்புக் கையுறை

பிள்ளைகள் கூச்சலிடுவது இதற்குத்தான். அதனாலேயே பலர் முதலில் இதைத் தூக்குகிறார்கள். தேவையானவை: வெஜிடபிள் ஷோர்ட்னிங் 2 கப், ஒரே அளவான ஸிப்லொக் பை 4, பெரிய சட்டி, ஐஸ், அகலமான ஒட்டுநாடா. ஒரு பைக்குள் கொழுப்பைப் போடுங்கள். இன்னொரு பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி அதற்குள் இறக்கினால் இரண்டு பைகளின் வாயும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய விளிம்பைச் சுற்றி நாடாவை ஒட்டிவிட்டு, கொழுப்பு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 2 செ.மீ. தடிப்பில் பரவும்படி வெளியிலிருந்து தடவிவிடுங்கள். மிச்ச இரண்டு பையையும் கொழுப்பில்லாமல் இதேபோலக் கோத்து வெற்றுக் கையுறை செய்யுங்கள். சட்டியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர். ஒரு கை கொழுப்புக் கையுறையில், மறு கை வெற்றுக் கையுறையில், இரண்டையும் ஒரே நேரத்தில் அமிழ்த்தி 20 வரை எண்ண வேண்டும்.

வெற்றுக் கையுறை செய்யாமல் விடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. ஒரு கையைச் சும்மா தண்ணீரில் வைத்து மறு கையைக் கொழுப்பில் வைத்தால், குளிரைத் தடுத்தது பிளாஸ்டிக்கா, நனையாமல் இருந்ததா, கொழுப்பா என்று பிரிக்கவே முடியாது. வெற்றுக் கையுறையில் காற்று அடைபட்டிருந்தாலும் கதை கெட்டுவிடும். காற்றும் குளிரைத் தடுக்கும் பொருள்தான். அழுத்தி வெளியேற்றிவிட்டுத்தான் விளிம்பை ஒட்ட வேண்டும். மூன்றாவது பிழை பிள்ளைகளுடையது. கையை உள்ளே விட்டதும் பிசைவார்கள், கொழுப்பு மேலே ஏறும், விரல்நுனி ஐஸைத் தொடும், "குளிருது!" என்று கத்துவார்கள். கையை விரித்தபடி அசையாமல் வைக்கச் சொல்லுங்கள்; ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறகு அடியில் தடவிச் சரிசெய்யுங்கள். கொழுப்புக்குப் பதிலாகக் கடலை வெண்ணெய் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்காவது கச்சான் ஒவ்வாமை இருக்கும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

இவ்வளவும் சரியாக வந்தாலும், இந்தச் செயற்பாடு சொல்வது திமிங்கிலம், கடல்நாய், வால்ரஸ் பற்றித்தான். குளிர்ந்த தண்ணீரில் வாழும் பெரிய உடம்புக்குக் கொழுப்பு ஒரு போர்வை. நம்மைச் சுற்றியிருக்கும் விலங்குகளுக்குக் கொழுப்பு பெரும்பாலும் சாப்பாடு. கிரவுண்ட்ஹொக் (வளை தோண்டி வாழும், அணில் குடும்பத்துப் பெரிய விலங்கு) இலையுதிர்காலத்தில் கொழுத்து வளைக்குள் போய், ஒரு வாய் தின்னாமல், அந்தக் கொழுப்பை எரித்தே வசந்தம்வரை கிடக்கும். கொழுப்புக் கையுறையோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் கிரவுண்ட்ஹொக் ஏன் கொழுத்தது என்று கேட்டால் "குளிராமல் இருக்க" என்று சொல்லும். பாதி சரி, முக்கியமான பாதியைக் காணோம்.

ஆறு, ஏழு வயதுக்காரருக்கு ஒரு சேர்க்கை செய்யலாம். ஒரு ஐஸ் கட்டியைக் கொழுப்புக் கையுறைக்குள்ளும் இன்னொன்றை வெற்றுக் கையுறைக்குள்ளும் போட்டு மேசையில் வையுங்கள். எது முதலில் கரையும்? "கொழுப்பில் உள்ளது, அங்கே சூடு" என்று அநேகமாக எல்லோரும் கை உயர்த்துவார்கள். கரைவது வெற்றுக் கையுறையில் உள்ளதுதான். கொழுப்பு சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். இந்தச் சேர்க்கை இல்லாமல் கொழுப்புக் கையுறை ஒரு வித்தை மட்டும்தான்.

சுடுநீர்ப் போத்தல்

ஒரே ஒரு வகுப்புத்தான் கிடைக்கும், வெளியில் பனி கிடக்கிறது என்றால் எடுக்க வேண்டியது இதை. ஒரே மாதிரியான மூடி போட்ட சிறு போத்தல்கள் 3 வேண்டும். ஒவ்வொன்றும் 250 மி.லி. பிடிக்கட்டும், அதைவிடச் சிறிதானால் எல்லாம் ஒன்றாகக் கெதியில் குளிர்ந்துவிடும், பெரிதானால் வகுப்பு முடியும்வரை வித்தியாசம் தெரியாது. தண்ணீர் 45 பாகை செல்சியஸ் அளவில் இருக்கட்டும். கொதிநீர் வேண்டாம். மேலே ஒரு முகமும் வாலும் வரையச் சொன்னால் ஒவ்வொரு போத்தலும் ஒரு விலங்காகிவிடும், பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்துவிடுவார்கள்.

முதல் விலங்கு வெட்டவெளியில் பனிமேல் நிற்கும். இரண்டாவது, காய்ந்த இலை நிரப்பிய சப்பாத்துப் பெட்டிக்குள் போகும். எல்லாப் பக்கமும் குறைந்தது 8 செ.மீ. இலை இருக்க வேண்டும். மூன்றாவதுக்குப் பனியில் ஒரு குழி தோண்டி, குழியின் அடியிலும் சுவரிலும் காய்ந்த இலையைப் பரப்பி, உள்ளே வைத்து, மேலே இலையும் அதன்மேல் ஒரு சாண் பனியும் மூடுங்கள். 25 நிமிடம் கழித்து எடுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்தால் பிள்ளையின் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மணித்தியாலம் விட்டால் வெளியில் நின்றது சில்லிட்டுப்போகும், மற்றவையும் சூடு இறங்கி, பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று ரீச்சரின் கையில் இருந்தால் போதும். நாலு வயதுக்கு இலக்கம் எதற்கு? போத்தலைக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். கன்னம் கையைவிட நன்றாகச் சொல்லும், ஏனென்றால் கை ஏற்கெனவே பனியில் விறைத்திருக்கும். மூன்றையும் சூடான வரிசையில் அவர்களே அடுக்கட்டும்.

இதைச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்றாவது போத்தல். "பனி ஒரு போர்வை" என்று படித்துவிட்டு, சுடுநீர்ப் போத்தலை நேரே பனிக்குள் புதைத்துவிடுவார்கள். எடுத்துப் பார்த்தால் வெளியில் நின்றதைவிடக் கூடக் குளிர்ந்திருக்கலாம். பிள்ளைகள் முன்னால் ரீச்சர் விழிப்பார். காரணம் எளிது. சூடான போத்தலைத் தொட்ட பனி உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் போத்தலிலிருந்தே எடுக்கிறது. உருகிய தண்ணீர் போத்தலை நனைத்துச் சூட்டை இன்னும் வேகமாகக் கடத்துகிறது. விலங்கும் வெறும் பனியோடு உடம்பை ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. வளைக்குள் புல்லும் இலையும் பரப்பி, நடுவில் காற்றை அடைத்து வைக்கிறது. பனி போர்வைதான், ஆனால் போர்வைக்குக் கீழே காய்ந்த மெத்தை வேண்டும். ஈர இலையும் இதே காரணத்தால்தான் காலைவாரும். வகுப்புக்கு முதல்நாள் முற்றத்தில் பொறுக்கிய இலை உள்ளே ஈரமாகத்தான் இருக்கும். இரண்டு நாள் வீட்டுக்குள் செய்தித்தாளில் பரப்பி உலர்த்த வேண்டும்.

பனியின் பங்கைத் தனியாகக் காட்ட விரும்பினால் போத்தலே வேண்டாம். யாரும் மிதிக்காத, 20 செ.மீ.க்கு மேல் பனி கிடக்கும் இடத்தில் வெப்பமானியை முதலில் காற்றில் பிடியுங்கள், பிறகு பனியின் அடியில் நிலத்தைத் தொடுமாறு இறக்குங்கள். காற்று -12 என்று காட்டும் நாளிலும் அடியில் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் நிற்கும். வயல் எலிகளும் மூஞ்சூறுகளும் பனிக்காலம் முழுவதும் ஓடித் திரிவது பனிக்கும் நிலத்துக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்துக்குள்தான். மிதிபட்ட பனியில் இது சரிவராது. மிதித்தால் உள்ளிருக்கும் காற்று போய்விடும், போர்வை பலகையாகிவிடும்.

இதே செயற்பாட்டைத் தண்ணீருக்குப் பதிலாக ஜெலற்றின் ஊற்றி, "கட்டியானால் விலங்கு இறந்துவிட்டது" என்று செய்பவர்களும் உண்டு. அது கட்டியாக எடுக்கும் நேரம் 40 நிமிட வகுப்புக்குள் அடங்காது. பிள்ளைகள் அதைத் தின்னக் கேட்பார்கள், பல வீடுகளில் மாட்டு, பன்றி ஜெலற்றின் கூடாது. பெயர் வைத்த விலங்கு செத்துப்போனால் நாலு வயதுப் பிள்ளை அழும் என்பது வேறு.

தடம் பார்க்கப் போவது

செலவில்லை, ஆனால் நாளைப் பிடிக்க வேண்டும். இரவு 2 முதல் 5 செ.மீ. புதுப்பனி விழுந்து, காலையில் வெயில் எறிக்கும் நாள்தான் நாள். அதைவிட ஆழமானால் தடம் வெறும் குழியாகிவிடும். பழைய பனி முழுக்க நாய்த் தடம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ரூஜ் தேசிய நகரப் பூங்கா கிட்ட இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட மைதானத்தின் வேலியோரமும் போதும்.

அணில் தடம் மரத்தடியில் தொடங்கி இன்னொரு மரத்தடியில் முடியும். இதை ஒரு முறை சொன்னால் பிள்ளைகள் துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். பெரிய இரண்டு பின்கால் தடமும் முன்னே, சின்ன முன்கால் தடம் இரண்டும் பக்கத்துப் பக்கமாகப் பின்னே கிடக்கும். முயலுக்கும் பின்கால் முன்னேதான், ஆனால் முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், மரத்தில் போய் முடியாது. நரி ஊசியில் நூல் கோத்ததுபோல நேர்கோட்டில் போகும். நாய் அங்குமிங்கும் அலையும். இலை உதிர்ந்த மரத்தை அண்ணாந்து பார்த்தால் கவட்டில் கால்பந்து அளவில் இலைக்குவியல் தெரியும், அதுதான் அணில் வீடு. கோடையில் பார்க்கவே முடியாதது.

புல்வெளி ஓரத்தில் காய்ந்து நிற்கும் கோல்டன்றொட் (மஞ்சள் பூப்பூக்கும் காட்டுச்செடி) தண்டுகளில் நடுவே உருண்டையாக வீங்கிய ஒன்று இருக்கும், பெரிய கோலிக்குண்டு அளவு. உள்ளே ஒரு ஈயின் வெள்ளைப் புழு பனிக்காலத்தைக் கழிக்கிறது. உடம்பு உறைந்தாலும் சாகாது. உருண்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கான சிறு துளை என்றால் சின்ன மரங்கொத்தி வந்து போயிருக்கிறது. கிழித்துப் பிய்த்த பெரிய ஓட்டை என்றால் சிக்கடிக் குருவி. ஒருவரின் பனிக்கால வீடு இன்னொருவரின் பனிக்காலச் சாப்பாடு என்பதை எந்தத் தாளும் இவ்வளவு கிட்டத்தில் காட்டாது. தேசியப் பூங்காவில் எதையும் முறித்து எடுக்கக் கூடாது. பார்த்துவிட்டு விட வேண்டும்.

நாலைந்து வயதுக்கு 20 நிமிடம்தான் கணக்கு. விரல் உள்ள கையுறை போட்ட பிள்ளைக்குக் கை முதலில் விறைக்கும். விரல் சேர்ந்த மிட்டன் நல்லது. விலங்கைக் காட்டுவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு பிள்ளைகள் போகும் சத்தத்துக்கு ஒரு விலங்கும் நிற்காது. தடம் ஓடாது.

பனி விழாத வாரத்தில் ஏரிக்கரைக்குப் போகலாம். ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பூங்காவிலும் ஹம்பர் குடாவிலும் பனிக்காலத்தில் நீள்வால் வாத்துக்கள் மிதக்கும். அவை கோடையில் ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிரிலிருந்து தப்ப ஒன்ராறியோ ஏரிக்கு வருகின்றன. நாம் குளிர் என்று சொல்லும் இடம் அவற்றுக்குச் சூடான தெற்கு! "பறவைகள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விடும்" என்று படித்த பிள்ளைக்கு இது நல்ல அதிர்ச்சி. ஊசிவால் வாத்தை இதோடு சேர்த்துச் சொல்லலாம். கனடாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரிக்கும் இனம் அது. ஆசியப் பக்கத்தில் உள்ளவை பனிக்காலத்தில் இந்தியாவுக்கும் மன்னார்க் கரைக்கும் வலசை போகின்றன. அப்பப்பா சின்ன வயதில் பார்த்திருக்கக் கூடிய வாத்து.

பறவைத் தீனி

இது வகுப்புக்கு உரியதல்ல, வீட்டுக்கு உரியது. பறவை கண்டுபிடிக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஒரு சனிக்கிழமையில் ஒன்றும் நடக்காது. ஆனால் வீட்டில் பனிக்காலம் முழுக்க நிற்கும் பாடம் வேறு எதுவும் இல்லை.

கறுத்த சூரியகாந்தி விதை ஒன்றே போதும். கலப்புத் தீனி மலிவு, ஆனால் அதில் பாதியைப் பறவைகள் நிலத்தில் தள்ளிவிடும், எலி வரும். பாணும் உப்புப் போட்ட மிக்சரும் வேண்டாம். தீனித்தட்டை யன்னலிலிருந்து அரை மீற்றருக்குள் வையுங்கள், அல்லது 10 மீற்றருக்கு அப்பால் வையுங்கள். நடுத்தூரம்தான் ஆபத்து, பறவை வேகம் எடுத்துக் கண்ணாடியில் மோதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்: ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பிறகு நன்றாக அலசி முற்றாகக் காயவிட்டுத்தான் விதை. கழுவாத தட்டில் நோய் பரவும். மாடிக் குடியிருப்பில் பல கட்டடங்கள் தீனி வைக்க விடுவதில்லை. வாங்க முன்னர் கேளுங்கள்.

முதலில் வருவது பெரும்பாலும் சிக்கடி. இரண்டு லூனி நாணயத்தைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் குருவி இவ்வளவுதான் பாரம் என்று சொல்லுங்கள். பாரம் 12 கிராமுக்குக் கிட்ட. இந்த இரண்டு லூனி உடம்புதான் ஜனவரி இரவுகளை மரப்பொந்தில் கழிக்கிறது. இறகை உப்பவைத்துக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது, இரவில் உடம்பின் சூட்டை 10 பாகை அளவுக்குத் தாழ்த்தி எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது. காலையில் வரும்போது உருண்டையாகவும் வெயில் ஏற ஒல்லியாகவும் தெரிவதைப் பிள்ளை தானாகக் கவனித்தால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

எண்ணுவதற்கு ஒரு விதி: ஒரே நேரத்தில் ஆகக்கூடியதாக எத்தனை தெரிந்தன என்பதை மட்டும் குறிக்க வேண்டும். வந்து வந்து போகும் ஒரே குருவியைப் பத்தாக எண்ணிவிடாமல் இருக்கத்தான் இது.

பட அட்டை பிரிப்பது

மூன்று தட்டு, மூன்று சொல், எட்டு அட்டை. எட்டுக்கு மேல் போனால் யோசிப்பது நின்று நிரப்புவது தொடங்கிவிடும். மொழி வகுப்புக்கு இது வசதி. "சிப்மங் உறங்கும், அணில் தாங்கும், மொனார்க் வண்ணத்துப்பூச்சி போகும்" என்று வாய்விட்டுச் சொல்லும்போது வினைச்சொல் தானாகப் படிந்துவிடும். ஆனால் முதல் பாடமாக இது வேண்டாம். எதையும் தொட்டுப் பார்க்காமல் அட்டை பிரிக்கும் பிள்ளை படத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கும்.

அட்டைகளை நீங்களே தெரிவுசெய்யுங்கள். கனடா வாத்தைப் "போகும்" தட்டில் போடச் சொல்லும் தாள்கள் உண்டு. ரொறன்ரோப் பூங்காக்களில் அது பனிக்காலம் முழுக்கப் புல்லில் நிற்கிறது. கரடி இன்னொரு வில்லங்கம். கரடியின் உடம்புச் சூடு சில பாகைதான் இறங்கும், ஜனவரியளவில் குகைக்குள்ளேயே குட்டியும் போடும். கிரவுண்ட்ஹொக் உறங்குவது வேறு வகை: சூடு 37 பாகையிலிருந்து 5 பாகைக்குக் கிட்ட இறங்கும், நிமிடத்துக்கு 80 தடவை அடிக்கும் இதயம் 5 தடவைக்குப் போகும்.

அந்த 80-ஐயும் 5-ஐயும் சொல்லிக்கொடுக்காதீர்கள், தட்டிக் காட்டுங்கள். முதலில் எல்லோரும் வேகமாகக் கைதட்டட்டும், செக்கனுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூட. பிறகு எல்லோரும் படுத்து, ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்து 12 செக்கனுக்கு ஒரு தட்டு. அந்த 12 செக்கன் அமைதியில் ஐந்து வயதுப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். மூன்று வயதுக்காரர் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு இது ஒன்றே போதும். ஒரு செலவும் இல்லை. பெப்ரவரி 2 கிரவுண்ட்ஹொக் தினத்துக்கு முந்திய வகுப்பில் வைத்தால், வசந்தம் எப்போது வரும் என்று அன்று "சொல்லும்" ஒன்ராறியோவின் கிரவுண்ட்ஹொக் வயாட்டன் வில்லி செய்தியில் வரும்போது வீட்டில் பேச்சு தொடரும்.

மொனார்க் அட்டைக்குப் பின்னால் ஸ்காபரோக் கதை ஒன்று இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பணிபுரிந்த ஃபிரெட் உர்க்குஹார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் வண்ணத்துப்பூச்சியின் சிறகில் சிறு ஒட்டியை ஒட்டிப் பறக்கவிட்டு, எங்கே போகிறது என்று தேடினார்கள். 1975 ஜனவரியில் அவர்களுக்காகத் தேடிய கென் புரூகரும் கற்றலினா அகுவாடோவும் மெக்சிக்கோவின் மலைக்காட்டில் மரமெல்லாம் தொங்கிக்கொண்டிருந்த மொனார்க்குகளைக் கண்டார்கள். இங்கிருந்து 3,000 கிலோமீற்றருக்கு மேல். அரைக் கிராம் பூச்சி.

சீனித்தண்ணீர்

வீட்டுக் குளிர்பெட்டியில் செய்யும் சிறு சோதனை, ஏழு வயதுக்கு நல்லது. ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஒரு கப் சுடுநீருக்கு ஒரு கப் சீனி கரைத்து ஆறவைத்த பாகு. இரண்டிலும் ஒரே அளவு ஊற்றி நாலு மணித்தியாலம் உறையவிடுங்கள். தண்ணீரில் கரண்டி டொக் என்று மோதும், பாகில் இறங்கும். காட்டுத் தவளை இலைக்குக் கீழே உறைந்து கிடக்கும்போது இதயம் நின்றுவிடும், உடம்புத் தண்ணீரில் பாதிக்கு மேல் ஐஸாகிவிடும்; ஆனால் ஈரல் இரத்தத்தில் சீனியைக் கொட்டுவதால் உயிரணுக்களின் உட்புறம் உறைந்து உடையாமல் தப்பும். வசந்தத்தில் உருகி எழுந்து துள்ளும். சின்னவர்களிடம் இதைத் தொடாதீர்கள். "செத்து உயிர்த்தது" என்றுதான் விளங்கிக்கொள்வார்கள்.

எதை எடுப்பது

வகுப்பில் ஒரே நாள் என்றால் போத்தல், காத்திருக்கும் 25 நிமிடத்தில் பாதியைக் கைதட்டும் விளையாட்டுக்குக் கொடுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் இரண்டாவது வாரம் அட்டை. முதல் வாரம் தொட்டதை அங்கே சொல்லாக்கலாம். வீட்டில் முற்றம் உண்டென்றால் தீனித்தட்டு, இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை. கொழுப்புக் கையுறையைக் கைவிடத் தேவையில்லை, திமிங்கிலப் பாடத்துக்கு எடுத்து வையுங்கள். ஐஸ் கட்டிச் சேர்க்கையோடு மட்டும். தடம் பார்க்கும் நாளை நாட்காட்டியில் குறிக்காதீர்கள். பெற்றோருக்கு "புதுப்பனி விழும் முதல் சனிக்கிழமை" என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, வெள்ளி இரவு வானிலையைப் பார்த்துச் செய்தி அனுப்புங்கள்.

போத்தலைத் தெரிவுசெய்தால் ஒரு வேலையை மட்டும் நவம்பரிலேயே செய்துவிட வேண்டும். டிசம்பர் பனிக்குக் கீழே காய்ந்த இலை கிடைக்காது. தெருவோரம் இலைப் பைகள் நிற்கும் நாட்களில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரிய காகிதப் பை நிறைய, ஓக், மேப்பிள் இலைகளாகப் பார்த்துச் சேர்த்து, வாயைத் திறந்தபடி நிலவறையில் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஜனவரியில் திறக்கும்போது பூஞ்சை மணக்கும்.